கடல் வற்றும் நேரத்தில் காத்தவன்

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. தண்ணீருக்கு மேல் மூன்று ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள். கரையில் நின்றுகொண்டு எண்ணினேன், மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன், மூன்று. மூன்றாவது தடவை எண்ணும்போதுதான் தெரிந்தது. மற்ற இரண்டையும் விட்டு விலகி, கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஜாக்கெட்டுக்குள் ஆள் இல்லை.

அது என் மனைவி பொன்னுத்தாய் போட்டிருந்த ஜாக்கெட்.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கால் இருந்தது, நடக்க வரவில்லை. வாய் இருந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது. நீச்சல் தெரியாது. சொந்த ஊரை விட்டு விமானத்திலும் கப்பலிலும் ஏறி வந்து, முன்பின் பார்த்திராத ஒரு தீவில், கட்டியவளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். அவ்வளவுதான் என் நிலை. இனி எந்த முகத்தோடு ஊருக்குப் போவேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக இன்றைக்கும் கூசுகிறேன்.

திருச்சுழியில் திருமேனிநாதர் சந்நிதிக்குப் பிரதோஷந்தோறும் வரும் அன்பர்களே, உங்களில் பலரிடம் இதை வாயால் சொல்லியிருக்கிறேன். பிரகாரம் சுற்றும்போது பாதி, பிரசாத வரிசையில் கால்வாசி, திரும்பும் பஸ்ஸில் மீதி என்று எல்லாம் துண்டு துண்டாகப் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் எதையோ விட்டுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தபின் மனசு அடித்துக்கொள்ளும். சிலர், "உங்கள் மனைவிக்குக் கடலில் காட்சி கிடைத்ததாமே" என்று கேட்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. நடந்தது என்னவோ அதை மட்டும் முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

நான் அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவன். அந்தக் காலத்து பி.காம். லாரியில் லோடு ஏறும்போது மூட்டைகளை எண்ணி எண்ணி, கடையை மூடி இத்தனை வருஷம் ஆன பிறகும் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் இலையை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் தலையை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் எதுவும் கைவிட்டுப் போகாது என்று ஒரு நம்பிக்கை.

பொன்னுத்தாய் நேர் எதிர். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாய வீட்டுப் பெண். நல்ல மழை பெய்து கிணறு நிறைந்த வருஷங்களில், பம்புசெட் அறையின் மேலிருந்து குதித்து, அடியாழம் வரை முங்கி, ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வந்து காட்டுகிற கூட்டத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு முங்குவதற்குத் தண்ணீர் ஏது? குடத்துத் தண்ணீருக்கே வரிசையில் நின்றோம். அவளுடைய நீச்சல் அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது.

போன வருஷம் எங்கள் மகள் சுமதி சென்னையிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். கடலுக்கடியில் பவளப்பாறைகள், அவற்றுக்கு நடுவே கலர் கலராக மீன்கள். பொன்னுத்தாய் அதை நாலு தடவை பார்த்தாள்.

"ஏங்க, இந்தா பாருங்க. தண்ணிக்கு அடியில பூந்தோட்டம் மாதிரி கெடக்கு. எனக்கு இத நேர்ல பாக்கணும்."

"அதான் செல்லுல பாத்தாச்சுல்ல. பெறகென்ன?"

"செல்லுல சோத்தக் காட்டுனா வயிறு ரொம்புமாக்கும்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இதே பேச்சு. சுமதியும் அவள் வீட்டுக்காரரும் அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானம், கப்பல், ஆழம், மூச்சு, அவளுடைய அறுபத்து நாலு வயது, எல்லாவற்றையும் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் இரண்டு பேரும் காட்டினோம். அவளுக்கு இதயம், பிரஷர் எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் பிரஷர் ஏறியிருந்தது. "அம்மா தாராளமா எறங்கலாம். ஐயா கரையில உக்காந்து வேடிக்க பாருங்க" என்றார் டாக்டர். பொன்னுத்தாய் ஆஸ்பத்திரிப் படி இறங்கும் வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

மாசியில் சிவராத்திரிக்கு நம் கோயிலில் கண் விழித்துவிட்டு, சுவாமியிடமும் துணைமாலை அம்மனிடமும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஒரு சிறு தீவுக்குப் போனோம். அமாவாசை முடிந்த வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கடற்கரையில் நிற்கிறோம்.

வெள்ளை மணல். கண்ணாடி மாதிரித் தண்ணீர். கரையிலிருந்து நெடுந்தூரம் வரை பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அதற்கப்பால் வெள்ளைக் கோடு போட்டது போல அலை உடைந்துகொண்டிருந்தது. அதுதான் பவளப்பாறையின் விளிம்பு என்றார்கள். அந்தக் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லை. அமைதியாக இருந்தது. குளிப்பதானால் அங்கேதான் குளிக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

எங்களைக் கூட்டிப்போக வந்த வழிகாட்டி சேகர் பதறிவிட்டார். அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து போய் அங்கே குடியேறியவராம். நல்ல தமிழ் பேசினார். "அலை இல்லையேன்னு அத நம்பிராதீங்க ஐயா. பாறைக்கு உள்பக்கம் இருக்குற தண்ணி பூராவும் அந்த இடுக்கு வழியாத்தான் வெளிய போகும்" என்றார்.

கண்மாய் மடை மாதிரி என்று எனக்கு உடனே புரிந்தது. மடை திறந்திருந்தால் மேலே சலனமே இருக்காது. உள்ளே ஆளை இழுக்கும். புரிந்தும் என்ன பயன்? அடுத்து நான் செய்ததைச் சொல்கிறேன்.

"பத்தரைக்குத் தண்ணி நெறஞ்சு நிக்கும். இப்பவே எறங்குனா பன்னெண்டுக்குள்ள ஏறிறலாம்" என்றார் சேகர்.

நான் கையை நீட்டித் தடுத்தேன். "வெள்ளிக்கிழம பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். அதுல எறங்கக் கூடாது."

மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார். சுமதிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்பா! கடலுக்கு வந்துமாப்பா ராகுகாலம்?"

"ராகுகாலத்துக்குக் கரை என்ன, கடல் என்ன? வீட்ல இருந்து பஸ்ஸேற நேரம் பாக்குறோம். உசுரப் பணயம் வச்சு எறங்குறதுக்குப் பாக்க வேணாமா?"

"ஐயா, அமாவாசை கழிஞ்ச சமயம். பன்னெண்டுக்கு மேல தண்ணி வேகமா வத்தும்" என்றார் சேகர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்மாய் வத்தும், கெணறு வத்தும். கடலு எங்கய்யா வத்தும்?"

மழையை நம்பி வாழ்கிற பூமியில் பிறந்தவன் நான். ஒரு கண்மாய் வற்றக் கோடை முழுக்கக் காய வேண்டும். இத்தனை பெரிய கடல் அரை நாளில் வற்றி, அரை நாளில் நிறையும் என்றால் மனசு ஏற்கவில்லை. அமாவாசை என்றால் எனக்குத் தர்ப்பணம் நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வராது.

பொன்னுத்தாய் எனக்காக இறங்கி வந்தாள். "விடுங்க தம்பி. அவுக மனசு சங்கடப்பட்டா பெறகு நாம எறங்கியும் நிம்மதி இருக்காது. பன்னெண்டுக்கு மேலயே எறங்குவோம்."

சேகர் யோசித்தார். கடைசியில், கரையோரம் மட்டும், கொஞ்ச நேரம் மட்டும், எல்லாரும் காற்றடைத்த டியூபை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். காத்திருந்த நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாஸ்க்கையும் மூச்சுக் குழாயையும் பழக்கினார்.

"மூச்சப் பிடிச்சு வைக்காதீங்கம்மா. வாயால எப்பவும் போல விட்டு வாங்குங்க."

"மூச்ச அடக்காம முங்குனா அது என்ன முங்கு?"

"முங்கவே கூடாதும்மா. மேல மெதந்துக்கிட்டே தலையக் கவுத்துப் பாக்கணும். அவ்வளவுதான்."

"அட ஆத்தாடி! கெணத்து மேல நின்னு எட்டிப் பாக்குறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அவள் மகளுடைய நீளக் கால்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் போட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டை மாட்டியிருந்தாள். என் பக்கம் திரும்பி, "என்னா பாக்குறீக? சர்க்கஸ்காரி மாதிரி இருக்கேனா?" என்றாள். நான் ஜாக்கெட்டின் கொக்கிகளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகமாகி மறுபடியும் இழுத்தேன். "அத்துறாதீக" என்று கையைத் தட்டிவிட்டாள்.

பன்னிரண்டு அடித்ததும் இறங்கினார்கள். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சேகர் டியூபை இழுத்துக்கொண்டு போக, மூன்று பேரும் அதைப் பிடித்தபடி மிதந்தார்கள். பொன்னுத்தாய் அடிக்கொரு தரம் தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினாள்.

"ஏங்க! கத்திரிப்பூக் கலர்ல ஒண்ணு போகுது! மூஞ்சி கிளி மாதிரி இருக்கு!"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண காலத்தில்கூட நான் கேட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உட்கார முடியவில்லை. கரையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நடக்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வரும்போது அலை தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். இப்போது செருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்கு ஈர மணல் கிடந்தது. சிறு நண்டுகள் அதில் ஓடிக்கொண்டிருந்தன.

கடல் வற்றிக்கொண்டிருந்தது.

"போதும்! ஏறுங்க!" என்று கத்தினேன். காது தண்ணீருக்குள் இருக்கும்போது கரைச் சத்தம் யாருக்குக் கேட்கும்? அந்த நேரம் பார்த்துச் சுமதியின் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, அவள் குடித்து, இருமித் துடிக்க ஆரம்பித்தாள். சேகர் அவளைத் தாங்கிப் பிடித்தார். மாப்பிள்ளையும் அங்கே திரும்பிவிட்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் சொன்னேன்.

இடையில் நடந்ததைப் பொன்னுத்தாய் பிறகு சொன்னாள். அடியில் பெரிய சிப்பி ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்ததாம். உதடு பட்டுச்சேலைக் கரை மாதிரி மினுங்கியதாம். இவள் நிழல் பட்டதும் மூடியிருக்கிறது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு முங்க முடியுமா? கொக்கிகளை விடுவித்து, ஜாக்கெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, டியூபை விட்டுவிட்டு, கிணற்றில் முங்குவது போல மூச்சைப் பிடித்து ஒரே முங்கு. மேலே வந்து பார்த்தால் கையில் ஜாக்கெட் இல்லை. பக்கத்தில் டியூப் இல்லை. யாரும் இல்லை.

கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். களைத்தால் நேராகச் சுவரைப் பார்த்து நீந்த வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு வீச்சில் ஒரு படியோ கல்லோ கைக்குச் சிக்கிவிடும். இவளும் கரையைப் பார்த்து நேராக, முழு வேகத்தில் கையை வீசியிருக்கிறாள். "கரை கிட்டக்கத்தான் தெரிஞ்சுச்சு. நீந்த நீந்த அது அப்பிடியே நின்னுச்சு. நான்தான் பின்னால போனேன்" என்றாள்.

கரையில் எனக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. "பொன்னுத்தாயி!" என்று அலறினேன். ஊர் பேர் தெரியாத ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேகரும் பார்த்தார். காலி ஜாக்கெட்டைக் கண்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். விசிலை ஊதினார். சுமதியை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்து, "கால் ஊனுது, நடந்து போயிருங்க" என்று தள்ளிவிட்டு, என்னை நோக்கிக் கத்தினார்.

"ஐயா! அம்மாவக் கடைசியா எங்க பாத்தீங்க?"

என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஜாக்கெட்டுகளையல்லவா எண்ணிக்கொண்டிருந்தேன்? அவளை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உச்சி வெயில் தண்ணீரில் பட்டுத் தகரம் போலக் கண்ணைக் கூசவைத்தது. தலை எது, அலை எது என்று பிரிக்க முடியவில்லை. காலி ஜாக்கெட் மட்டும் அந்த இடுக்கைப் பார்த்து அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். நீச்சல் தெரியாது என்பது அப்போது நினைவில்லை. பாறை காலைக் கிழித்தது. இடுப்பளவு போனதும் யாரோ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அன்பர்களே, தினமும் காலையில் நூற்றெட்டு எண்ணி ஐந்தெழுத்தைச் சொல்லுகிறவன் நான். பதிகங்கள் பாடமாகத் தெரியும். அன்றைக்கு ஒரு எழுத்து வரவில்லை. சுவாமி முகத்தை நினைத்துப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. நம் தலத்தின் கதை மட்டும் எங்கிருந்தோ வந்தது. ஊரை அழிக்க வந்த வெள்ளத்தைச் சூலத்தால் துளை போட்டுச் சுழித்து, பூமிக்குள் இறக்கிய சாமி அல்லவா அவர்? பிறந்த நாளிலிருந்து கேட்ட கதை. தண்ணீரே இல்லாத ஊரில் வெள்ளத்தைத் தடுத்த சாமியா என்று பள்ளிக்கூட நாட்களில் கேலி பேசியதும் உண்டு.

"நிறுத்தப்பா" என்றேன். "நிறுத்து. நிறுத்து." தண்ணீரை நிறுத்து என்று கேட்டேனா, அவளை நிறுத்து என்று கேட்டேனா, தெரியாது. அடித்தொண்டையில் கத்தினேன். என்னைப் பிடித்திருந்தவருக்கு மொழி புரியவில்லை. அவரும் அழுதார்.

கடல் நிற்கவில்லை. நான் கூப்பிட்ட பிறகும் அதே வேகத்தில் வற்றிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு சேகர் கையை நீட்டினார். "அந்தா!"

அலை உடைகிற கோட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கண் கூசுகிற வெளிச்சத்துக்கு நடுவில், கறுப்பாக ஒன்று. மரக்கட்டை என்று நினைத்தேன். அது கையைத் தூக்கியது.

பொன்னுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். நடுக்கடல் போன்ற அந்த இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், பஸ் ஸ்டாப்பில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தாள்.

சேகர் அவளை நோக்கி நேராக நீந்தவில்லை. டியூபைத் தூக்கிக்கொண்டு கரையேறி, கரையோரமாக ஓடினார். வெகுதூரம் தள்ளிப்போய் இறங்கினார். இழுப்பே அவரைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் சேர்த்தது. சேர்ந்ததும் அவள் தலை வழியாக டியூபை மாட்டிப் பிடித்துக்கொண்டார். திரும்பி நீந்த முயலவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பயணிகளுக்கு மீன் காட்டுகிற கண்ணாடிப் படகு ஒன்று விசில் கேட்டு வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து ஏற்றிக்கொண்டது. அந்தப் படகு வந்து சேருவதற்குள் எத்தனை நிமிடம் ஆனது என்று நான் எண்ணவில்லை. என் வாழ்நாளில் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

கரைக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சுமதி எங்க? இருமல் நின்னுச்சா?" இரண்டாவது வார்த்தை எனக்கு. "ஏன் கால்ல ரத்தம்? ஒங்கள யாரு எறங்கச் சொன்னா?"

நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் அவள் கையைப் பிடித்தது, கல்யாணத்தன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கடல் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கக் கூடும் என்று தீவு ஆஸ்பத்திரியில் மறுநாள் வரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பாதத்தில் மட்டும் வெட்டுக்காயங்கள்.

சேகர் அங்கே வந்தார். அவள் நின்றது ஒரு செத்த பவளப்பாறையின் தலையாம். கை ஓய்ந்து, இனி முடியாது என்று மல்லாந்து படுத்துவிட்டாளாம் பொன்னுத்தாய். இழுத்துப் போன தண்ணீரே அவளைக் கொண்டுபோய் அதன் மேல் முட்டியிருக்கிறது. குதிகாலில் இடித்ததும் கால் ஊன்றியிருக்கிறாள்.

"ரெண்டு மணி நேரம் முன்னாடின்னா அந்தப் பாறைத் தலை ஆள் ஒசரத்துக்குக் கீழ கெடந்திருக்கும் ஐயா. தண்ணி வத்துனதாலதான் கால் எட்டுச்சு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் ராகுகாலம் பார்த்தது நல்லதுதானே என்று வாய் வரை வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாடி எறங்கியிருந்தா, இந்த இழுப்பே இருந்திருக்காது" என்றார்.

இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. விமானத்தில் யோசித்தேன், வீட்டில் யோசிக்கிறேன், கோயிலில் யோசிக்கிறேன். ஒன்று மட்டும் தெளிவு. அவளை ஆபத்துக்குள் இறக்கியது என் பிடிவாதம். அவளை நிறுத்தியது நான் இல்லை. நேரம் பார்ப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. பஞ்சாங்கத்துக்குள் இருக்கும் நேரத்தைப் பார்த்த நான், கடலுக்கென்று ஒரு நேரம் இருப்பதையும், அதைப் போட்டவரும் அதே சாமிதான் என்பதையும் மறந்துவிட்டேன். மறந்தவன் கூப்பிட்டபோதும் அவர் வந்தார். வெள்ளத்தை நிறுத்தி அல்ல, அந்த வெள்ளம் வற்றிக் காட்டிய கல்லைக் கொண்டு வந்தார்.

உங்களில் யாராவது பிள்ளைகளோடு அப்படி ஒரு கடலுக்குப் போனால், அந்த ஊர்க்காரர் இறங்கு என்று சொல்கிற நேரத்தில் இறங்குங்கள், ஏறு என்றால் ஏறுங்கள். எத்தனை கிணறு நீந்தியிருந்தாலும் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். இழுத்தால் எதிர்த்து மல்லுக்கட்டாமல் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டுங்கள். கரையில் நிற்கிறவர்கள் முகத்தைப் பாருங்கள். இதையெல்லாம் எழுதாமல் விட்டால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

ஊருக்கு வந்து முதல் பிரதோஷத்தில், நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும்போது, பொன்னுத்தாயிடம் மெதுவாகக் கேட்டேன். "அங்கன நின்னப்ப என்ன சொல்லிக் கும்பிட்ட?"

"கும்பிட எங்க நேரம்? ஒங்களத்தான் வஞ்சுக்கிட்டு நின்னேன்."

"என்னையவா?"

"பெறகு? நேரம் பாத்தேன் நேரம் பாத்தேன்னு நடுக்கடல்ல நட்டுக்க நிக்க வச்சுட்டாரே இந்த மனுசன்னு, வாயில வந்ததெல்லாம் வஞ்சேன். நல்லவேள, ஒங்களுக்குக் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாமிய ஒரு வார்த்த கூப்பிடலையா?"

"நீங்க கூப்பிட்டீகள்ல? ஒரு வீட்ல ஒருத்தரு கூப்பிட்டாப் போதாதா?" என்று சொல்லிவிட்டு, சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "பாலு கண்ணுல தெறிச்சிருச்சு" என்றாள்.

நான் முன்பு போல இல்லை. இன்னமும் பதறுகிறேன், இன்னமும் எண்ணுகிறேன், அது போகாது. ஆனால் காலையில் ஐந்தெழுத்தை எண்ணிச் சொல்வதை விட்டுவிட்டேன். அன்றைக்குக் கத்தியதற்குக் கணக்கு வைத்தா அவர் கேட்டார்? உங்களுக்கும் ஒரு நாள் வரலாம். ஆஸ்பத்திரி வராந்தாவாக இருக்கலாம், விதைத்த பின் மழை தவறிய காடாக இருக்கலாம். அன்று நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் தவறால் வந்த ஆபத்துதானே என்று கூசி நிற்காதீர்கள். ஒரு வார்த்தை போதும், அதுவும் உடைந்து வந்தால் போதும். கூப்பிடுங்கள். அவர் எதைக் கொண்டு தாங்குவார் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமைப் பிரதோஷம். நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். முன்பெல்லாம் அதற்குள் மாட்டாமல் இருக்க மூன்றரை பஸ்ஸைப் பிடித்துத் திருச்சுழிக்குப் போய்விடுவேன். எழுதிக்கொண்டே இருந்ததில் அந்த பஸ் போய்விட்டது. பொன்னுத்தாய் பூக்கூடையோடு தெருவில் இறங்கி நின்று, "வாரீகளா, நான் மட்டும் போகட்டுமா?" என்கிறாள்.

மணி பார்க்காமல் எழுந்துவிட்டேன். இதோ, அவள் பின்னால் போகிறேன்.